பயணத்துக்காகக் கப்பலா, கப்பலுக்காகப் பயணமா?



சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை, மதரஸா முடிந்து பிள்ளைகள் கலைந்த பின்னர் மாணவர் ஒருவரின் தந்தை என்னைச் சந்தித்தார். "ஹஜ்ரத், சென்னையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போய்வரலாம் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டா?" என்று கேட்டார். ஆகும், ஆகாது என்று ஒரே சொல்லில் விடையளிக்க எனக்கு மனம் வரவில்லை. கப்பலுக்கும் நம் சமுதாயத்துக்கும் உள்ள உறவு நெடியது. அவ்வரலாற்றை அறிந்த பின்னரே இக்கேள்விக்கு விடை தேடுவது முறையாகும்.

ஏற்காட்டில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் இங்குள்ள ஏரியும் அதில் மிதக்கும் படகுகளுமே நம் பிள்ளைகள் காணும் கப்பற்படை! எனினும் இந்தச் சேர்வராயன் மலையின் வாழ்வே கடல் வழியாக வந்ததுதான். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே நட்ட காப்பி, செங்கடலின் கரையிலுள்ள ஏமன் வழியாக உலகுக்குப் பரவிய பயிர். ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய பாபா புதன் என்னும் பெரியவர் ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நம் மலையில் மணக்கும் காப்பியும் ஹாஜிகள் சென்ற அதே கடல்வழியை நினைவூட்டுகிறது.

அந்தக் கடல்வழி அன்று எப்படி இருந்தது? நீராவிக் கப்பல்கள் வந்த பின்னர், ஏழை எளியவரும் ஹஜ்ஜுக்குச் செல்லும் வாய்ப்புப் பெருகியது. ஆனால் அவர்களுக்கு அறையோ கட்டிலோ கிடையாது. மேல்தளத்திலும் சரக்கு வைக்கும் அடித்தளத்திலும் பாய் விரித்த இடமே அவர்களுக்கு வீடு. 'டெக் பயணி' என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர்.

அவர்களுடைய உயிர் எவ்வளவு மலிவாகக் கருதப்பட்டது என்பதற்கு 1880-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே சான்று. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாக ஏறத்தாழ ஆயிரம் ஹஜ் பயணிகளோடு 'ஜித்தா' என்னும் கப்பல் புறப்பட்டது. ஆப்பிரிக்கக் கரையோரம் புயலில் சிக்கி, கப்பலுக்குள் நீர் புகுந்தது. ஆகஸ்ட் மாதத்து இரவொன்றில் கேப்டனும் வெள்ளைக்கார அதிகாரிகளும் உயிர்காப்புப் படகில் ஏறிப் பயணிகளைக் கைவிட்டுச் சென்றனர். வேறொரு கப்பலால் மீட்கப்பட்டு ஏடன் துறைமுகத்தை அடைந்து, ஜித்தா மூழ்கிவிட்டது என்று அறிவித்தனர். மறுநாளே, மூழ்கியதாகச் சொல்லப்பட்ட அக்கப்பல் மற்றொரு கப்பலால் இழுக்கப்பட்டு ஏடனுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஹாஜிகள் உயிரோடு இருந்தார்கள்! கைவிடப்பட்ட அம்மக்கள் நீரை இறைத்து இறைத்துக் கப்பலைக் காத்திருந்தனர். ஜோசப் கான்ராடு 1900-இல் எழுதிய 'லார்டு ஜிம்' என்னும் ஆங்கில நாவலுக்கு இந்நிகழ்ச்சியே அடிப்படை.

கடலைக் கடந்தாலும் துன்பம் ஓயவில்லை. செங்கடலின் கமரான் தீவில் இறக்கப்பட்டு, நோய்த் தடுப்பு முகாமில் நாட்கணக்கில் அடைபட்ட பின்னரே ஜித்தா செல்ல முடிந்தது. இக்குறைகளைப் போக்கவென்று அன்றைய இந்திய அரசு 1886-இல் ஹஜ் பயண ஏற்பாட்டை ஒப்படைத்த நிறுவனம் எது தெரியுமா? உல்லாசச் சுற்றுலாவை உலகெங்கும் பரப்பிய தாமஸ் குக் நிறுவனமே அது. 1893 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. சுற்றுலா வணிகமும் புனிதப் பயணமும் ஒரே பயணச்சீட்டில் சந்தித்த காலம் அது.

தமிழகக் கரைக்கு வருவோம். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் நம்மவர் கப்பலேறிச் சென்றதன் அடையாளங்கள். பொருளீட்டக் கடல் கடந்தவர்களைச் 'சபராளிகள்' என்று நம் ஊர்கள் அழைத்தன. சென்ற நூற்றாண்டில் அவர்களைச் சுமந்த கப்பல்களுள் புகழ்பெற்றது 'ரஜூலா'. 1926-இல் கட்டப்பட்டது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. எங்கள் பாட்டனார் அதன் தளத்தில் பயணம் செய்தவர். அவர் கொண்டுசென்ற தகரப் பெட்டி இன்றும் எங்கள் வீட்டில் உள்ளது. புறப்படும் முன் கடனை அடைத்து, உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் பொருத்தம் கேட்டுத்தான் கப்பலேறினாராம். திரும்பி வருவோம் என்ற உறுதி அன்று எவருக்கும் இல்லை.

ரஜூலாவின் காலம் 1970-களின் தொடக்கத்தில் முடிந்தது. அதன்பின் அத்தடத்தில் 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழக்க, அதனோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தே நின்றது. பம்பாயிலிருந்து சென்ற ஹஜ் கப்பல்களும் 1995-ஓடு நின்றுபோயின. எல்லாவற்றுக்கும் பின்னணியில் இருந்தது விமானம். வாரக்கணக்கான வழியை அது மணிக்கணக்காகச் சுருக்கிவிட்டது.

இந்த மாற்றம் நம் நாட்டில் மட்டும் நிகழவில்லை. 1958-இல் அட்லாண்டிக் கடலுக்கு மேல் ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கியதும், மேலைநாட்டுப் பயணிகள் கப்பல்கள் வேலையிழந்தன. உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட கப்பல் 1900-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் தோன்றியிருந்தாலும், அது செல்வர் சிலருக்கு உரியதாகவே இருந்தது. விமானம் வந்த பின்னரோ கப்பல் நிறுவனங்கள் பிழைக்க வழி தேடின. ஊர் சேர்ப்பதை விட்டுவிட்டுப் பொழுதுபோக்கை விற்கத் தொடங்கின. 1962-இல் அட்லாண்டிக் பயணத்துக்கென வந்த 'பிரான்ஸ்' கப்பல், 1980-இல் 'நார்வே' என்ற பெயரில் உல்லாசக் கப்பலாக மறுபிறவி எடுத்தது. அதற்குப்பின் கப்பல்கள் ஒன்றையொன்று விஞ்சி வளர்ந்தன.

எவ்வளவு வளர்ந்தன என்பதை ஓர் ஒப்பீடு காட்டும். ரஜூலாவின் கொள்ளளவு ஏறத்தாழ 8,500 டன். தொடக்கத்தில் அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. 2024 ஜனவரியில் முதற்பயணம் சென்ற 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் கொள்ளளவு 2,48,663 டன். அது ஏற்றும் பயணிகள் அதிகபட்சம் 7,600 பேர். கப்பல் ஏறத்தாழ முப்பது மடங்கு பெருத்துவிட்டது. பயணிகளோ ஒன்றரை மடங்குதான். நம் பாட்டன்மார் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கி உறங்கிய இடத்தில் இன்று நீச்சல் குளமும் நாடக அரங்கும் அங்காடித் தெருவும் அமைந்திருக்கின்றன.

அந்த அலை 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தையும் எட்டியது. 'கார்டீலியா' என்ற பெயரில் அங்கிருந்து புறப்பட்ட கப்பல், 1990-இல் மேலைநாட்டு நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டப்பட்டது. சூதாட்டக் கூடம் உள்ள கப்பல் தங்கள் கரைக்கு வரலாகாது என்று அப்போது புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்ததையும் நாம் அறிவோம்.

அன்பிற்குரியவர்களே! இந்த வரலாற்றின் சாரம் ஒன்றே. முன்பு ஓர் இடத்தைச் சென்றடையக் கப்பலேறினர். இன்று கப்பலில் இருப்பதற்காகவே கப்பலேறுகின்றனர். சென்றடையும் ஊர் இருந்தபோது நிய்யத் தானாகவே தெளிவாக இருந்தது: ஹஜ், அல்லது ஹலாலான சம்பாத்தியம். ஊர் மறைந்துவிட்ட இன்று, நிய்யத்தை நாமே தேடி வைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

பழைய காலமே பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜித்தா கப்பலின் ஹாஜிகள் பட்ட துன்பத்தை எவரும் மீண்டும் விரும்பமாட்டார்கள். வசதி என்பது அல்லாஹ்வின் அருட்கொடை. கடலில் கப்பல் செல்வதையே தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அவன் திருமறையில் சிந்திக்கச் சொல்கிறான். குடும்பத்தோடு அவன் படைப்பைக் கண்டு மகிழ்வது விலக்கப்பட்டதன்று.

ஆகவே அந்தத் தந்தையிடம் நான்கு கேள்விகளையே திருப்பிக் கேட்டேன். உங்கள்மீது ஹஜ் கடமையாகி, இன்னும் நிறைவேறாமல் இருக்கிறதா? இந்தச் செலவுக்கு வட்டிக்குக் கடன் வாங்குகிறீர்களா? மதுவும் சூதும் நடக்கும் கூடங்களை விட்டு விலகி, ஹலால் உணவோடும் ஐவேளைத் தொழுகையோடும் அந்த நாட்களைக் கழிக்க உங்களால் இயலுமா? பெட்டியைச் சுமந்து, அறையைத் துடைத்து, குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் கப்பலில் உழைக்கும் பணியாளரிடம் உங்கள் பிள்ளைகள் மரியாதையோடு நடந்துகொள்வார்களா? அவரும் இக்காலத்துச் சபராளியே அல்லவா?

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன் ஹஜ்ரத்" என்றார். கப்பலுக்கென்று ஒதுக்கிய தொகையை ஹஜ் சேமிப்பில் சேர்க்கப் போவதாகச் சொல்லி விடைபெற்றார். பிள்ளைகளை அடுத்த ஞாயிறன்று ஏரிக்கு அழைத்துச் சென்று படகில் ஏற்றினாராம். ஜித்தா கப்பலின் கதையை அங்கே சொன்னாராம்.

நம் முன்னோர் கண்ணீரோடு கடந்த கடலை நன்றியோடு நினைவுகூரவும், நம் ஒவ்வொரு பயணத்தையும் நல்ல நிய்யத்தோடு தொடங்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.