எதிரொலியைத் தேடிய கணக்கு

தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பிகள் வாழும் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். அக்காலக் கடலோடிகள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஆழத்தைப் ‘பாகம்’ கணக்கில் சொன்னார்கள். இன்று கப்பல்கள் கயிற்றுக்குப் பதில் ஒலியை இறக்குகின்றன. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். ஆகவே 18 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி 0.024 நொடியில் திரும்பிவிடும்.

ஆனால் எதிரொலி மெலிந்து வருகிறது. அலையும் எஞ்சினும் இரைச்சலைக் கலக்கின்றன. அதை எப்படி அடையாளம் காண்பது? அனுப்பிய அலை வடிவம் நமக்குத் தெரியுமல்லவா? அதைப் பதிவின்மேல் நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். அனுப்பியது 1, 1, −1. வந்தது 0, 0, 1, 1, −1 என்க. கூட்டுத்தொகைகள் முறையே −1, 0, 3. மூன்றாம் நிலையில்தான் உச்சம். எதிரொலி அங்கே இருக்கிறது! இதுவே குறுக்கு ஒட்டுறவு.

முறை எளிது, உழைப்போ பெரிது. 1,024 எண்கள் கொண்ட இரு வரிசைகளை எல்லா நிலைகளிலும் ஒப்பிட 10,48,576 பெருக்கல்கள் தேவை.

இதற்கு வழி பிறந்தது வேறொரு கவலையில். 1963இல், அணுகுண்டுச் சோதனைகளை நில அதிர்வுமானிகளால் தொலைவிலிருந்தே கண்டறிய அமெரிக்க அறிவியலார் முயன்றனர். டூக்கி என்ற கணித அறிஞரிடம் விரைவான ஃபூரியர் மாற்ற முறை ஒன்று இருப்பதை கார்வின் கவனித்தார். அதைக் கணிப்பொறிக்கு எழுதித் தருமாறு கூலி என்பவரை நாடினார்; ஹீலியம்-3 படிக ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றே காரணம் கூறினார்! 1965இல் கூலி–டூக்கி கட்டுரை வெளிவந்தது.

அதன் சூட்சுமம் என்ன? எண்வரிசையை இரட்டைப்படை இடங்கள், ஒற்றைப்படை இடங்கள் என இரண்டாகப் பிரிப்பது. மீண்டும் மீண்டும் பிரிப்பது. 1966இல் ஸ்டாக்காம் இதை ஒட்டுறவுக்குப் பயன்படுத்திக் காட்டினார். இரு வரிசைகளையும் அதிர்வெண்களாக மாற்றி, ஒன்றை மற்றதன் இணைக் கலப்பெண்ணால் பெருக்கி, விடையைத் திரும்ப மாற்றினால் போதும். பூச்சியங்கள் சேர்த்து 2,048 எண்களாக்கினாலும் 35,840 கலப்பெண் பெருக்கல்களே ஆகும். ஒவ்வொன்றையும் நான்கு சாதாரணப் பெருக்கல்களாகக் கணக்கிட்டாலும் வேலை ஏழில் ஒரு பங்குதான். வரிசை நீள நீள, இலாபமும் பெருகும்.

வியப்பு இன்னும் இருக்கிறது. சிறுகோள்களின் பாதையைக் கணிக்க முயன்ற காஸ், 1805 வாக்கிலேயே இம்முறையை இலத்தீனில் எழுதிவைத்திருந்தார்! அது அச்சானது அவர் மறைந்த பின், 1866இல். 1977இல் கோல்ட்ஸ்டைன் சுட்டிக்காட்டும்வரை பெரும்பாலோர் அதை அறியவில்லை.

இன்று வள்ளத்தில் செல்லும் மீனவரின் ஜி.பி.எஸ். கருவியும் இதே கணக்கைத்தான் போடுகிறது. செயற்கைக்கோள் அனுப்பும் 1,023 துண்டுகள் கொண்ட குறியீடு, இரைச்சலுக்கும் கீழே அமுங்கி வருகிறது. அதைத் தன்னிடமுள்ள படியோடு பொருத்திப் பார்த்தே கருவி இடத்தை அறிகிறது. இரவில் கரை திரும்ப வேண்டியவருக்கு இக்கணக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. மேலே சொன்ன எட்டு எண்களுக்கு வேறு எண்கள் இட்டு, நீங்களும் தாளில் போட்டுப் பாருங்களேன்!