கறள் தின்ற கதவுகள்

யாழ்ப்பாணத்தில இண்டைக்கும் ஓடுற மொறிஸ் மைனர்களைக் கண்டால், "அந்தக் காலத்து இங்கிலீஸ் இரும்பு, அதுதான் நிண்டுபிடிக்குது" எண்டு பெருமையாகச் சொல்லுவினம். நாங்கள் இதைப் பாதிதான் ஏற்கிறோம். அந்த இரும்புக்கும் கறள் பிடிக்கும். அதைக் காப்பாற்றினது எங்கட ஊர் ரிங்கரிங் வேலைக்காரர்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. இலங்கையில் 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகியது. புதுசு வராது, இருக்கிறதைத் திருத்தித்தான் ஓடவேணும்.

கதவில் முதலில் போவது அடிப்பக்கம். கண்ணாடியோரமாக உள்ளே இறங்குகிற மழைத்தண்ணி, அடியிலுள்ள துளைகளால் வெளியேறவேணும். துளை அடைபட்டால் தண்ணி தேங்கி, உள்ளிருந்தே கறள் தின்னத் தொடங்கும். வெளியில பெயின்ற் பொங்கிறபோது உள்ளே தகடு பாதி போயிருக்கும். பழுதானதை வெட்டி, புதுத்தகட்டை அளவாக்கி, அதன் விளிம்பைக் கதவுச் சட்டத்தின் மேல் மடித்து அடிப்பார்கள். ஒரே மூச்சில ஒட்டினால் சூட்டில் தகடு நெளியும். அதனால் இடம்விட்டு இடம்விட்டு, பொட்டுப் பொட்டாக ஒட்டி ஆறவிடுவார்கள். பின்னால் இரும்புக் கட்டையை அண்டை கொடுத்துச் சுத்தியலால் தட்டத் தட்டத்தான் பழைய வளைவு திரும்பி வரும்.

1990இல் போர் மீண்டும் மூண்டது. கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லாமல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகங்களுக்கும் தட்டுப்பாடு. அதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், அந்தக் காருக்கான தகடுகளைத் தெற்கிலங்கையில் செய்வித்துப் பிரித்தானியாவுக்கு எடுப்பித்தார். பாத் நகருக்குப் போக வழியிருந்த தகட்டுக்கு, அதே தீவின் வடக்குக்கு வர வழியில்லை. இங்கே கிடைத்த தகரத்தைத் தட்டித்தான் கதவுகள் மூடின.

இப்ப பழைய கார்களுக்கு நல்ல மவுசு. 'ஒரிஜினல்' கதவெண்டால் விலை கூட, ஒட்டுப்போட்டதெண்டால் குறைவு. இந்தக் கணக்கு எங்களுக்குப் பிடிபடவில்லை. எந்தக் காலத்தில எது கிடைக்கவில்லை, அதை எப்படிச் சமாளித்தோம் எண்டதுக்கு அந்த ஒட்டுகளும் சாட்சி. கறள் பிடித்ததை மாத்தத்தான் வேணும். ஆனால் வெட்டுறதுக்கு முதல் ஒரு படம் எடுங்கோ. அதை ஒட்டினவர் இருந்தால், எப்படி ஒட்டினவர் எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. காரைச் செய்தவர்களைப் பற்றி இங்கிலாந்தில் புத்தகங்கள் இருக்கு. அதை ஓடவைத்தவர்களைப் பற்றி நாங்கள்தான் எழுதவேணும்.