காலத்தைக் கடந்து வரும் இசை

வருங்காலத்துப் பாடகர் குழு ஒன்று தன் பாட்டைப் பின்னோக்கி நம் காலத்திற்கு அனுப்புவதாகக் கதை எழுதலாம். நாமறிந்த இயற்பியல் அதற்கு இடந்தருவதில்லை. காரணம் முந்தியும் விளைவு பிந்தியுமே நிகழும். ஆனால் பின்வரும் தலைமுறைக்கு இசையை அனுப்பலாம். தமிழகத்தில் அம்முயற்சி ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

புதுக்கோட்டைக்கு அருகேயுள்ள குடுமியான்மலையில், பாறைச் சரிவில் வெட்டப்பட்ட இசைக் கல்வெட்டு 1904-இல் அறிஞர் கவனத்திற்கு வந்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படும் இதில் ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகள் பல்லவ கிரந்த எழுத்தில் உள்ளன. உருத்திராசாரியாரின் மாணவனான ஓர் அரசன், மாணாக்கர் நலனுக்காக இவற்றைச் செய்தான் என்று கல்வெட்டே கூறுகிறது.

இங்குதான் சிக்கல். ஒவ்வொரு சுரமும் ர, ரி, ரு, ரெ என்பது போல நான்கு வடிவங்களில் வருகிறது. இவை சுருதி வேறுபாடுகளா, வீணையை மீட்டும் முறைகளா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எழுத்து நிலைத்தது, அதைப் படிக்கும் முறை ஆசிரியரோடு மறைந்தது.

இசைத்தட்டில் ஒலியலையே பதிகிறது. ஆயினும் அதற்கும் ஒரு குறிப்பு வேண்டும். நிமிடத்திற்கு 78 சுற்று ஓட வேண்டிய தட்டை 83 சுற்று ஓட்டினால், ஒரு கட்டைச் சுருதி ஏறத்தாழ ஒன்றரைக் கட்டையாகிவிடும். பழைய தட்டுகள் பல வெவ்வேறு வேகங்களில் பதிவானவை. ஆகவே அக்கால வித்துவான்களின் சுருதியை அவற்றைக் கொண்டு மட்டும் துணிந்து கூற இயலாது.

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு உண்டு. கேசர்பாய் கேர்க்கர் பாடிய இந்துஸ்தானி இசையும் அதில் அடங்கும். ஒரு சுற்றுக்கு 3.6 வினாடி என்ற வேகத்தை, ஹைட்ரஜன் அணுவின் இயல்பான அதிர்வுக் காலத்தை அலகாக வைத்து மேலுறையில் பொறித்துள்ளனர். எங்கும் மாறாத அளவுகோல் அது. இசையோடு அதைப் படிக்கும் முறையும் பயணம் செய்கிறது.

மன்னார்குடி இராசகோபாலசாமி கோயில் பங்குனி விழாவில் நாயன இசையை இன்று பலரும் கைப்பேசியில் பதிகிறார்கள். ஒலி கிடைத்துவிடும். ஆனால் எந்தப் புறப்பாட்டுக்கு எந்த மல்லாரி, என்ன தாளம் என்பதை வாசிப்பவரிடம் கேட்டு உடன் எழுதி வைத்தால்தான் பதிவு முழுமை பெறும். குடுமியான்மலைப் பாறை நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.