பாய்காட்: ஒரு பெயர் வினையானது

ஐரோப்பிய பாஷைகளுக்குப் பொதுவான வினைச்சொற்களில் அநேகம் லத்தீன் வழி வந்தவை. பிறந்த தேதி சொல்ல முடியாதவை. 'பாய்காட்' மட்டும் 1880ஆம் வருஷம் அயர்லாந்தின் மேயோ பகுதியில், மாஸ்க் ஏரிக்கரையில் பிறந்தது என்று திட்டமாகச் சொல்லலாம்.

சார்ல்ஸ் பாய்காட் என்ற ஆங்கிலேயர் அங்கே ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்ட். விளைச்சல் பொய்த்த பின் குத்தகைக்காரர்கள் கால் பங்கு தள்ளுபடி கேட்டார்கள். பிரபு பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பர் 19 அன்று என்னிஸ் கூட்டத்தில் பார்னெல், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்கிறவனைச் சுட வேண்டாம், கடையிலும் தெருவிலும் தேவாலயத்திலும் அவனை ஒதுக்கிவிடுங்கள் என்று பேசினார். அவர் குறிவைத்தது சக குடியானவனை. அது போய் விழுந்தது ஏஜெண்டின் மேல். மூன்று நாள் கழித்து நோட்டீஸ் கொடுக்க வந்தவனைப் பெண்கள் சேற்றையும் சாணத்தையும் எறிந்து விரட்டினார்கள். வேலையாட்கள் போய்விட்டார்கள். கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். நவம்பரில் பயிரை எடுக்க வடக்கேயிருந்து ஐம்பது பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்களும் போலீஸாரும். சுமார் 500 பவுன் பெறுமான பயிருக்கு 10,000 பவுன் செலவானதாகக் கணக்கு சொல்கிறார்கள். டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தை விட்டே புறப்பட்டார்.

இனி சொல்லைப் பற்றி. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தானும் பாதிரியார் ஜான் ஓ'மாலியும் யோசித்ததை ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதிவைத்திருக்கிறார். 'ஆஸ்ட்ரஸைஸ்' என்ற கிரேக்க வழிச் சொல் கைவசம் இருந்தது. குடியானவர்களுக்கு அது புரியாது என்று ஒதுக்கிவிட்டு, 'பாய்காட் பண்ணுவது' என்றே வைத்துக்கொள்ளலாம் என்றாராம் பாதிரியார். நல்ல விமர்சனத் தீர்ப்பு என்பேன். ஏதென்ஸில் 6,000 ஓட்டுச் சில்லுகள் சேர்ந்தால் ஒருவனைப் பத்து வருஷம் ஊரைவிட்டு அனுப்பலாம். அது பிரஜைகளின் சபை செய்த காரியம். மேயோக்காரர்களிடம் சபையும் இல்லை, சட்டமும் இல்லை.

ஜெர்மன் இதை 'பாய்கொட்டீரென்' ஆக்கிற்று, பிரெஞ்சு 'பாய்கொத்தே' என்றது, இத்தாலியன் 'பொய்கொத்தாரே' என்றது. ரஷ்யன் ஜெர்மானிய விகுதியையும் சேர்த்து வாங்கி அதன்மேல் தன் விகுதியை ஒட்டிக்கொண்டது. அவை எல்லாம் ஒரு விகுதியோடு முடித்துக்கொள்ள, நமக்கோ 'பண்ணு' என்ற ஊன்றுகோல் வேண்டியிருக்கிறது. மொழிபெயர்க்கிறவர்கள் சாதாரணமாகப் போடும் 'பகிஷ்காரம்' எனக்கு உறுத்துகிறது. அது ஜாதி வெளியே தள்ளுவதைக் குறித்த சொல். அம்பேத்கர் 1927இல் தொடங்கிய மராத்திப் பத்திரிகையின் பெயர் 'பஹிஷ்கிருத் பாரத்': தள்ளப்பட்டவர்களின் பாரதம். தள்ளப்பட்டவன் திருப்பிச் செய்வதற்கும் அதே சொல்லா? 'புறக்கணிப்பு' தேவலை, ஆனால் அதில் ஊர்கூடிச் செய்வது இல்லை.

சொல்லுக்குள் எழுவாயைப் பூட்டிவைக்க முடியாதுதான். 1933 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் யூதர்களின் கடைவாசல்களில் நாஜி சீருடைக்காரர்கள் நின்று வாங்க வந்தவர்களை மறித்தார்கள். அதற்கும் 'பாய்காட்' என்றே பெயரிட்டார்கள். மேயோவில் ஆயிரம் துப்பாக்கிகளும் ஒதுக்கப்பட்டவர் பக்கம் இருந்தன. பெர்லினில் ஒதுக்கியவர்கள் பக்கம் இருந்தன. இந்த வித்தியாசத்தை எந்த அகராதியும் குறிப்பதில்லை.

1888இலேயே இது ஆங்கிலத்தின் பெரிய சரித்திர அகராதியில் ஏறிவிட்டது. பாய்காட் அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம், இங்கிலாந்தில் வேறொரு பண்ணைக்கு ஏஜெண்டாக, உயிரோடிருந்தார்.