அப்பாவின் செக்ஸ்டன்ட்டும் ராம்ஸ்டெனின் கோடுகளும்

என் அப்பா சரக்குக் கப்பலில் செகண்ட் மேட்டாக இருந்தவர். அவர் விட்டுப்போனதில் என் பங்குக்கு வந்தது ஒரு மரப்பெட்டி. உள்ளே அவருடைய செக்ஸ்டன்ட். கப்பல் படிப்பு படிக்கும் பேத்திக்கு அதைச் சரிசெய்து கொடுக்க நினைத்தேன். பித்தளை கறுத்திருந்தது, கண்ணாடிகளில் ரசம் போயிருந்தது. "புளி போட்டு விளக்கினா பொன்னு மாதிரி ஆயிடும், அண்ணே" என்றாள் தங்கை. குத்துவிளக்குக்குச் சரி. இதற்கு ஏன் ஆகாது என்று சொல்லக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுதான் நாம் இருக்கும் அட்சரேகை. நம் சோழமண்டலக் கரை மாலுமிகள் இதை இராப்பலகையால் அளந்தார்கள். ஒரு சிறு பலகை, அதில் முடிச்சுப் போட்ட கயிறு, அவ்வளவுதான். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்திலும் மேல் விளிம்பை நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ, அந்தத் துறைமுகத்துக்கு நேராகக் கப்பல் நிற்கிறது என்று பொருள்.

1731இல் ஜான் ஹாட்லி, இரண்டு கண்ணாடிகள் வைத்த கருவியை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் காட்டினார். அதே காலத்தில் பிலடெல்பியாவில் தாமஸ் காட்ஃப்ரி என்ற கண்ணாடித் தொழிலாளியும் தனியாக அதையே கண்டுபிடித்திருந்தார். கண்ணாடி வழியே சூரியனும் தொடுவானமும் ஒன்றாகத் தெரிவதால், கப்பல் எப்படி ஆடினாலும் இரண்டும் பிரிவதில்லை. கருவியின் வில்லை வட்டத்தில் ஆறில் ஒரு பங்காகப் பெரிதாக்கியதும் செக்ஸ்டன்ட் என்ற பெயர் வந்தது.

அந்த வில்லில் கோடுகளைக் கையால் கீறுவதுதான் பெரும்பாடு. 1770களில் ஜெஸ்ஸி ராம்ஸ்டென் அதற்கென்றே ஓர் இயந்திரம் செய்தார். இங்கிலாந்தின் தீர்க்கரேகை வாரியம் அவருக்குப் பணம் கொடுத்து, அதன் செய்முறையை மற்றவர்களுக்கும் கற்றுத்தரச் சொன்னது. 1777இல் விளக்கம் அச்சாகி வெளிவந்தது. அதன் பிறகு நல்ல கருவிகள் சாதாரண மாலுமிகளின் கைக்கும் வந்தன.

இனி புளிக்கு வருகிறேன். கோணத்தில் ஒரு நிமிடம் பிசகினால் கடலில் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர் பிசகும். அந்த ஒரு நிமிடம் வில்லின் மேல் ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. புளியோ பாலிஷோ போட்டுத் தேய்த்தால் முதலில் மழுங்குவது அந்தக் கோடுகள்தான். பிறகு அது பளபளக்கும் அலங்காரப் பொருள். அளக்கும் கருவி அல்ல.

அதனால் வில்லை மெல்லிய பருத்தித் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்ததோடு விட்டேன். கண்ணாடிகளை மட்டும் மாற்றினேன். கைப்பிடியில் அப்பாவின் விரல் பட்டு வார்னிஷ் தேய்ந்த இடத்தைத் தொடவில்லை. கடற்கரையில் தொடுவானத்தைப் பார்த்து, பூஜ்யத்தில் இரண்டு பிம்பங்களும் ஒரே கோடாகும் வரை திருகுகளைச் சரிசெய்தேன்.

ஜிபிஎஸ் காலத்தில் இது எதற்கு என்று கேட்பார்கள். 1990களின் கடைசியில் இந்தப் பாடத்தைக் கைவிட்ட அமெரிக்கக் கடற்படை அகாடமி, 2015இல் அதை மறுபடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. செயற்கைக்கோள் சமிக்ஞையை எதிரி முடக்கலாம். நட்சத்திரத்தை யாரும் முடக்க முடியாது. பேத்திக்கு நான் கொடுத்தது கறுத்த பித்தளைதான். ஆனால் அதை வைத்து அவள் கப்பல் ஓட்டலாம்.