காவெண்டிஷின் மௌனம்

பூமியின் அடர்த்தி நீரினதைப்போல் 5.48 மடங்கு என 1798-இல் அளந்து கூறிய ஆங்கில விஞ்ஞானி ஹென்றி காவெண்டிஷ், அந்நியர் முகத்தை ஏறிட்டு நோக்கவும் கூசினார். தமக்கு வேண்டும் உணவையும் பணியாளருக்குச் சீட்டெழுதியே தெரிவித்தார். எனினும் ராயல் சொசைட்டி அறிஞர்களின் விருந்துக்கு வாரந்தோறும் சென்றார் என்பதை மறத்தலாகாது. பேச்சின்மேல் அவருக்கு வெறுப்பில்லை. அவரை அறிந்தவர்கள், அவர் முகத்தைப் பாராது, வெற்றிடத்தை நோக்கிப் பேசுவதுபோலப் பேசினர். பொருள் தக்கதாயின் விடை வரும்!

இத்தகைய இயல்பைச் சிறுவர் சிலரிடம் கண்டு 1944-இல் எழுதியவர் வியன்னா மருத்துவர் ஆஸ்பெர்கர். காவெண்டிஷிடமும் அது இருந்ததெனக் கருதினார் ஆலிவர் சாக்ஸ். அவ்வியல்புடையோர் பலர் கூறுவது யாதெனில், பிறர் பேசுகையில், 'கண்ணைப் பார்க்கிறேனா? என் முறை வந்துவிட்டதா?' என்று உள்ளம் ஓயாது வினவுமாம். அதற்குள் பேச்சு கடந்துவிடும்.

விடையிறுக்கத் தாமதித்த பிள்ளை ஒருவனை, "வாய் திறவாயோ?" என்று நானும் அதட்டியதுண்டு. அவன் ஏட்டில் விடை முன்னரே எழுதப்பட்டிருந்தது.