பிஎஃப் இணையதளத்தில் நுழைந்தும் பாஸ்புக் திறக்கவில்லையா? காரணங்களும் தீர்வுகளும்

புனே: தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த புனேயின் கராடி போன்ற பகுதிகளில் அடிக்கடி பணி மாறும் ஊழியர்கள் பலர், வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்) இணையதளத்தில் நுழைய முடிந்தும் பாஸ்புக்கைப் பார்க்க இயலாமல் தவிப்பதுண்டு. நிறுவனம் மாதந்தோறும் பணம் செலுத்துகிறதா என்பதை ஊழியர் நேரடியாக அறிய உதவும் ஆவணம் பாஸ்புக் என்பதால், இத்தடையை நீக்கிக்கொள்வது அவசியம்.

எண் செயல்படுத்தப்பட்டதா?

12 இலக்க யுஏஎன் எண் ஒதுக்கப்பட்டால் மட்டும் போதாது. அதைச் செயல்படுத்தவும் வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 முதல் இதற்கு உமங் செயலியில் ஆதார் முக அடையாளச் சரிபார்ப்பு நடைமுறையில் உள்ளது.

6 மணி நேரம் காத்திருங்கள்

உறுப்பினர் தளமும் பாஸ்புக் தளமும் தனித்தனியானவை. புதிதாகப் பதிவு செய்தாலோ கடவுச்சொல்லை மாற்றினாலோ, அது பாஸ்புக் தளத்தில் நடைமுறைக்கு வர 6 மணி நேரம் ஆகும். அதற்குள் மீண்டும் மீண்டும் முயல்வதில் பயனில்லை.

இருப்பு பூஜ்யமா?

ஒரே யுஏஎன் எண்ணின் கீழ் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் தனி உறுப்பினர் எண் உண்டு. பழைய நிறுவனத்தின் எண்ணைத் தேர்வு செய்தால் முந்தைய தொகை தெரியும்.

விலக்கு பெற்ற நிறுவனங்கள்

சில பெரிய நிறுவனங்கள் சொந்த அறக்கட்டளை மூலம் பிஎஃப் நிதியை நிர்வகிக்கின்றன. இவற்றின் ஊழியர்களுக்கு அரசுத் தளத்தில் பாஸ்புக் வசதி கிடையாது. இது தொழில்நுட்பக் கோளாறு அன்று. இருப்பை அறக்கட்டளையிடமே கேட்டறிய வேண்டும்.

மாற்று வழிகள்

2025 செப்டம்பரில் அறிமுகமான 'பாஸ்புக் லைட்' வசதியால், உறுப்பினர் தளத்திலேயே கணக்கின் சுருக்கத்தைக் காணலாம். யுஏஎன் எண்ணுடன் இணைத்த கைபேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தும் இருப்பை அறியலாம்.

எப்போது புகார் அளிப்பது?

ஒவ்வொரு மாதப் பங்களிப்பையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் செலுத்த வேண்டும். அலுவலகச் சரிபார்ப்புக்குப் பின்னரே பதிவு தோன்றும் என்பதால் சில நாள் தாமதம் இயல்பே. ஆனால் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டும் பல மாதங்களாகப் பதிவு இல்லையெனில், முதலில் நிறுவனத்திடம் விளக்கம் கேட்கலாம். தீர்வு கிடைக்காவிட்டால், சம்பளச் சீட்டுகளுடன் இபிஎஃப்ஓ-வின் இணையவழிக் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் அளிக்கலாம்.

கடவுச்சொல்லையும் ஓடிபி எண்ணையும் எவரிடமும் பகிரக் கூடாது.